புள்ளி போடுகிறவருக்குச் சோறு போடுகிறவர் யார்?



சில மாதங்களுக்கு முன், பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எங்களைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மூத்த மகன், கணினி விளையாட்டு ஒன்று வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். விலை 200 வெள்ளிக்கு மேல். அந்த விளையாட்டைப் பற்றி வந்த விமர்சனத்தைக் கைப்பேசியில் எடுத்து அம்மாவிடம் காட்டியிருக்கிறான். "ஏன் சார், பத்துக்கு ஒன்பது போட்டிருக்கான். பெரிய இடத்துல எழுதறவன் பொய் சொல்லுவானா?" என்று கேட்டார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

பால் மரம் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். வாளியில் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போவோம். அங்கே மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்க விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கணக்கெழுதுவார்கள். கருவி பொய் சொல்லாது. ஆனால் கருவியைப் பார்த்து எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று நம் பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். காரணமில்லாத கவலையா அது?

விமர்சகரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் கேம்ஸ்பாட் என்று விளையாட்டுகளை மதிப்பிடும் பெயர் பெற்ற இணைய நிறுவனம் ஒன்று உண்டு. அங்கே ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். 2007 நவம்பரில் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற புதிய விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு புள்ளி கொடுத்தார். ஆறு என்றால் நம் பள்ளிக்கூடத்தில் தேர்ச்சிதான். அதைக் கொடுமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கமெங்கும் அதே விளையாட்டின் விளம்பரம் நிறைந்திருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2012இல் அவர் வாய் திறந்து பேச முடிந்தபோது, விளம்பரம் கொடுத்தவர்களின் அதிருப்தியே காரணம் என்ற பொருள்பட விளக்கினார். அதற்குள் சொந்தமாக வேறொரு தளம் தொடங்கிவிட்டிருந்தார். இப்போது, விரும்பிக் கேட்பவர்கள் மாதாமாதம் கொடுக்கும் சந்தாவில் அவருடைய நிகழ்ச்சி நடக்கிறது.

இது அமெரிக்கக் கதை. நம்மவர்களிடையே இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு.

சுப்புடு என்ற பெயரை நம் பெரியவர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பி. வி. சுப்பிரமணியம் என்பது இயற்பெயர். 1917இல் பிறந்தவர், பர்மாவில் வாழ்ந்தவர். 1942இல் ஜப்பானியர் வந்தபோது, பர்மாவிலிருந்து நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஆயிரமாயிரம் பேரில் அவரும் ஒருவர். (சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்டவர்கள் நம் கெடாத் தோட்டங்களிலும் உண்டு, அந்தக் காலத்தின் நடை எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.) பிறகு டில்லியில் இந்திய அரசாங்க உத்தியோகம். அதோடு 'ஸ்டேட்ஸ்மன்' என்ற ஆங்கில நாளேட்டில் இசைக்கும் நாட்டியத்துக்கும் விமர்சனம். தமிழ்ப் பத்திரிகைகளிலும் எழுதினார். பெரிய வித்துவான் என்றோ, புகழ் பெற்ற நாட்டியத் தாரகை என்றோ அவர் பேனா தயங்கியதில்லை. சுருதி விலகினால் விலகியது என்று எழுதினார். அவரைக் கண்டு நடுங்கியவர்களும் உண்டு, வெறுத்தவர்களும் உண்டு. ஆயினும் 2007 மார்ச்சில், தொண்ணூறாவது வயதில் கண் மூடும்வரை அவர் விமர்சகராகவே இருந்தார்.

கெர்ஸ்ட்மன் வேலையிழந்ததும் அதே 2007தான். ஒருவருக்கு வேலை போனது, மற்றவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? தைரியம் மட்டும் காரணமென்று நாங்கள் நினைக்கவில்லை. சுப்புடுவின் வீட்டு அரிசி பத்திரிகைப் பணத்தை நம்பி இருக்கவில்லை. மாதம் பிறந்தால் அரசாங்கச் சம்பளம். பாடகர் கோபித்துக்கொண்டால் உலை கொதிப்பது நிற்காது. சபாக்கள் வேண்டுமானால் முகம் சுளிக்கலாம். அவருடைய சில வார்த்தைகள் தேவைக்கு மேல் சுட்டன என்பதும் எங்கள் அபிப்பிராயம். வளரும் பெண் ஒருத்தியின் நாட்டியத்தைக் கேலி செய்வது உண்மை பேசுவதாகாது. உண்மையும் சூடும் வேறு வேறு.

தமிழ் சினிமாவில் 'ஆனந்த விகடன்' நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடும் வழக்கத்தை உங்களில் பலர் அறிவீர்கள். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு 62½ புள்ளி கொடுத்தது. அதுவே பெரிய பாராட்டாகப் பேசப்பட்டது. கை தாராளமாக இல்லாததால்தான் அந்தப் புள்ளிக்கு மதிப்பு. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1969இல் மறையும்வரை விகடன் அதிபராக இருந்த எஸ். எஸ். வாசனே 'சந்திரலேகா' எடுத்த ஜெமினி ஸ்டுடியோவுக்கும் அதிபர். அப்படியொரு முதலாளியின் பத்திரிகையில், அவருடைய சொந்தப் படத்துக்குப் புள்ளி போடச் சொன்னால் நாம் எத்தனை போட்டிருப்போம்?

படத் தயாரிப்பாளர்களுக்கு இந்தப் புள்ளி எவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு அண்மை உதாரணம்: படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணையத்தில் விமர்சனமே கூடாது என்று தமிழ்த் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித் தடை விதிக்க மறுத்தது.

அடுத்தவரைச் சொல்லிவிட்டு எங்களை மறைக்கக் கூடாது. ஒரு முறை சுங்கை பட்டாணியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நாங்கள் நடுவராகப் போனோம். பரிசுக் கோப்பைகளைக் கொடுத்தவரின் மகனும் பேசினான். சுமாராகத்தான் பேசினான். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; மிரட்டவில்லை. மதியம் அவர் செலவில் பிரியாணி சாப்பிட்டோம், அவ்வளவுதான். எங்கள் பேனா தானாகவே மூன்று புள்ளி கூட்டிப் போட்டது. தோட்டத்திலிருந்து பஸ்ஸேறி வந்த ஒரு பெண் பிள்ளை இரண்டு புள்ளியில் பரிசை இழந்தாள். இன்றும் அவள் தகப்பனாரைப் பசாரில் கண்டால் நாங்கள் வேறு பக்கம் திரும்புகிறோம். ஆளை வேலையிலிருந்து நீக்குவது அபூர்வம், நேயர்களே. பேனா தானாக வளைவதுதான் அன்றாடம் நடப்பது.

அந்தத் தாயார் மறுபடி வந்தபோது, மகனையும் கைப்பேசியையும் கொண்டுவரச் சொன்னோம். பத்துக்கு ஒன்பது போட்ட அதே பக்கத்தைத் திறந்து, மேலும் ஓரமும் பார்க்கச் சொன்னோம். பையன் சற்று நேரம் விரலால் மேலும் கீழும் தள்ளினான். மேலே ஒன்று, ஓரத்தில் ஒன்று, இரண்டும் அவன் கேட்ட விளையாட்டின் விளம்பரம். அதற்காக அந்த ஒன்பது பொய்யென்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல விளையாட்டாகவும் இருக்கலாம். காசு கொடுத்து வாங்கி விளையாடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடச் சொன்னோம். பாடாங் செராயில் அவனுடைய கூட்டாளி ஒருவன் அதை வைத்திருக்கிறானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் விளையாடிப் பார்த்துவிட்டு, அவனே பத்துக்கு எத்தனை என்று எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

பையன் ஏழு போட்டுக் கொண்டுவந்தான். பணத்தை என்ன செய்வது என்று அம்மாவும் மகனும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.