அபாய வேளையும் அறிவித்தலின் உரிமையும்
(ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழக நிகழ்வுகள் சிலவற்றை முன்வைத்து ஒரு நோக்கு)

பல்கலைக்கழகம் அறிவை உற்பத்தி செய்து பரப்பும் நிறுவனம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயின், அதன் வளவினுள் உயிராபத்து நேரும் வேளையில், ஆபத்தைப் பற்றிய அறிவு யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது, எவ்வளவு தாமதித்துச் செல்கிறது, எத்தகைய மொழியிற் செல்கிறது என்பன அத்துணை ஆராயப்படுவதில்லை. இவை நிர்வாகவியலாருக்கு உரிய வினாக்கள் என இலக்கிய ஆய்வாளர் ஒதுங்கிவிடுவதுமுண்டு. துண்டுப்பிரசுரமும் அவசர அறிவித்தலும் கூடப் பனுவல்களே. அவற்றுக்கும் ஆசிரியர் உளர்; வாசகர் உளர்; சொல்லப்பட்டனவும் சொல்லாது விடப்பட்டனவும் உள. குறியானது வர்க்கப் போராட்டத்தின் களம் என 1929இல் வொலோஷினொவ் எடுத்துரைத்தமை இத்தகைய பனுவல்களுக்கே மிகவும் பொருந்துவதாகும்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது ஒன்றே. அபாய வேளையிற் பல்கலைக்கழகங்கள் தவறுவதற்குக் கருவிகளின் போதாமையை முதன்மைக் காரணமாகக் கொள்ளல் பொருந்தாது. செய்தியை நிர்வாகத்தின் உடைமையாகக் கருதும் நிறுவன உறவுகளே அத்தவறுகளின் அடிப்படையாகும்.

1

1970 ஏப்ரல் 30ஆந் திகதி, கம்போடியாவினுள் அமெரிக்கப் படைகள் புகுந்தமையை ஜனாதிபதி நிக்சன் அறிவித்தார். மறுநாள் ஒஹையோ மாநிலத்துக் கென்ற் அரச பல்கலைக்கழகத்தில் எதிர்ப்புக் கூட்டம் நடைபெற்றது. மே 2ஆந் திகதி இரவு வளவிலிருந்த படைப்பயிற்சிக் கட்டடம் எரிந்தது. தேசியக் காவற்படை உள்ளே வந்தது. மே 3ஆந் திகதி ஆளுநர் ரோட்ஸ், அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்யும் நீதிமன்றக் கட்டளையொன்றை நாடப்போவதாகக் கூறினார். அக்கட்டளை நாடப்படவேயில்லை. எனினும் படைச்சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதென்றும், வளவின் கட்டுப்பாடு படையினரிடஞ் சென்றுவிட்டதென்றும், கூட்டங்கள் யாவும் தடைசெய்யப்பட்டுள்ளனவென்றும் நிர்வாகத்தினர் எண்ணினர். இக்கருத்துப்பட ஏறத்தாழ 12,000 துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டு வழங்கப்பட்டன.

இவ்விடத்து நாம் நின்று நோக்குதல் வேண்டும். அத்துண்டுப்பிரசுரம் எடுத்துரைத்த சட்டநிலை பிரகடனம் எதனாலும் உருவாக்கப்பட்டதன்று. ஆளுநரின் வாய்மொழியைப் பல்கலைக்கழகம் தன் பெயரால் அச்சேற்றியபோது அது ஆணையாயிற்று. மாணவருக்கு அரசை விளக்கவும், அரசுக்கு மாணவரை விளக்கவும் வேண்டிய நிறுவனம் ஒருவழிக் குழாயாக மாறியது. கீழிருந்து மேற்செல்லும் வழி எதுவும் அதில் இருக்கவில்லை.

மே 4ஆந் திகதி நண்பகல் மாணவர் கூடினர். பின்னர் 28 படையினர் 13 செக்கன்களில் 61 முதல் 67 வரையான வேட்டுக்களைத் தீர்த்தனர். மாணவர் நால்வர் இறந்தனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். இறந்தவருள் இருவர் போராட்டத்திற் கலந்துகொள்ளாது, வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள். நிகழ்வினை ஆராய்ந்த ஸ்க்ரான்ரன் ஆணைக்குழு, இத்துப்பாக்கிப் பிரயோகம் தேவையற்றது, மன்னிக்கத்தகாதது என்ற முடிவுக்கு வந்தது.

அதற்கடுத்த நிமிடங்கள் நமது பொருளுக்கு மிக முக்கியமானவை. சினமும் துயரமுங் கொண்ட மாணவர் நூற்றுக்கணக்கில் கலையாது நின்றனர். படையினர் மீண்டும் அணிவகுத்தனர். அவ்வேளை புவிச்சரிதவியற் பேராசிரியர் கிளென் ஃபிராங்கும் வேறு சில ஆசிரியர்களும் இரு தரப்பாருக்குமிடையே நின்று, கலைந்து செல்லுமாறு மாணவரை இறைஞ்சினர். சில நிமிடங்களின் பின்னர் மாணவர் கலைந்தனர். 12,000 அச்சுப்பிரதிகள் சாதிக்காததைத் தழுதழுத்த குரலொன்று சாதித்தது எனலாம். இதனைத் தனிமனித ஆளுமையின் வெற்றி என்று மட்டுங் கொள்வது கருத்துமுதல்வாதமாகும். நாள்தோறும் வகுப்பறையில் உருவாகியிருந்த ஆசிரிய-மாணவ உறவே அக்குரலுக்கு வலுவளித்தது. பல்கலைக்கழகம் மூடப்பட்ட பின்னரும், கடிதங்கள் வாயிலாகவும் வெளியிடங்களில் மாணவரைச் சந்தித்தும் பாடங்களை நிறைவுசெய்தவர்கள் ஆசிரியர்களே.

2

அதே மே மாதம் 14ஆந் திகதி இரவு, மிசிசிப்பி மாநிலத்திற் கறுப்பின மாணவர் பயின்ற ஜாக்சன் அரச கல்லூரியில் ஒரு செய்தி பரவிற்று. ஃபயெற் நகர மேயரும் கறுப்பினத் தலைவருமான சார்ள்ஸ் எவர்ஸ் மனைவியுடன் கொல்லப்பட்டார் என்பதே அது. செய்தி பொய். அன்றிரவு பதற்றம் வளர்ந்தது. நள்ளிரவு கடந்தபின் பொலிஸார் பெண்கள் விடுதியை நோக்கி 460க்கு மேற்பட்ட வேட்டுக்களைத் தீர்த்தனர். இருவர் இறந்தனர்.

இத்தகைய நிகழ்வுகளில் வதந்தியையே குற்றவாளியாக்குவது ஆளுவோர் வழக்கம். 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சு நாட்டுப்புறப் பேரச்சத்தை ஆராய்ந்த ஜோர்ஜ் லெஃபேவ்ர், வதந்தியைப் பாமரரின் அறியாமையென ஒதுக்காது, அதன் சமூக அடிப்படையையும் அது பரவிய வழிகளையும் தேடினார். அந்நோக்கிற் பார்ப்பின், எவர்ஸ் பற்றிய வதந்தி நம்பப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. அவரது சகோதரரான மெட்கர் எவர்ஸ் 1963இல் அதே ஜாக்சன் நகரிற் சுட்டுக்கொல்லப்பட்டவர். பொய்ச் செய்தியொன்று மெய்யான அனுபவத்தின் வடிவில் வந்தது. அதனை மறுக்கக்கூடிய, மாணவர் நம்பக்கூடிய குரலொன்று அரசுப் பக்கத்தில் இருக்கவில்லை. நம்பிக்கை என்பது ஆபத்து நேர்ந்த இரவில் உற்பத்தி செய்யக்கூடிய பண்டமன்று.

3

மேற்கூறியவை அரச வன்முறை சார்ந்தவை. அச்சும் ஒலிபெருக்கியுமே கருவிகளாயிருந்த காலத்தவை. தனியொருவன் கொலையாளியாகவும், மின்னஞ்சல் கருவியாகவும் அமைந்தவிடத்து நிலைமை மாறியிருக்கும் என்று வாதிடக்கூடும். 2007 ஏப்ரல் 16ஆந் திகதி வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது அவ்வாதத்திற்கு விடையளிக்கின்றது.

காலை 7.15 மணியளவில் விடுதியொன்றில் மாணவர் இருவர் சுடப்பட்டனர். இது தனிப்பட்ட உறவு சார்ந்த கொலை, சந்தேகத்திற்குரியவர் வளவை விட்டு நீங்கியிருக்கலாம் எனப் பொலிஸார் கருதினர். நிர்வாக உயர்குழு 8.25 மணியளவிற் கூடியது. முதலாவது மின்னஞ்சல் 9.26க்கே சென்றது. 9.40 மணியளவிற் கொலையாளி நொரிஸ் மண்டபத்தில் மீண்டும் சுடத் தொடங்கினான். அங்கு மட்டும் 30 பேர் கொல்லப்பட்டனர்.

மாநில ஆளுநர் நியமித்த மீளாய்வுக்குழுவின் அறிக்கை இரு விடயங்களைப் புலப்படுத்துகின்றது. முதலாவது, வளவுப் பொலிஸார் தாமாகவே அவசரச் செய்தியை அனுப்பும் வசதியற்றிருந்தனர். உயர்குழுவின் வழியாகவே அது செல்லவேண்டியிருந்தது. இரண்டாவது, 9.26 மணிச் செய்தியின் மொழி. துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் ஒன்று நடைபெற்றது, பொலிஸார் விசாரிக்கின்றனர், எச்சரிக்கையாயிருங்கள் என்பதே அதன் சாரம். இருவர் சுடப்பட்டமையோ, சுட்டவன் பிடிபடாதிருந்தமையோ அதிற் கூறப்படவில்லை. மாறாக, உயர்குழு உறுப்பினரொருவர் 8.45 மணிக்கே மாநிலத் தலைநகரிலிருந்த சகாவொருவருக்கு அனுப்பிய மின்னஞ்சலில், துப்பாக்கிதாரி வெளியே உலவுவதைத் தெரிவித்து, அது இன்னும் வெளியிடத்தக்கதன்று எனவுங் குறித்திருந்தார்.

இவ்விரு பனுவல்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து உண்மை தெளிவாகும். ஒன்றில் எழுவாய் உண்டு: துப்பாக்கி ஏந்திய ஒருவன். மற்றதில் எழுவாய் மறைந்து 'சம்பவம்' மட்டுமே எஞ்சுகிறது. அதிகாரத்தில் உள்ளோர் தம்முட் பேசும்போது வாக்கியத்தில் மனிதர் இருக்கின்றனர். வகுப்புக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோரிடம் பேசும்போது அவர்கள் நீங்கிவிடுகின்றனர். இலக்கணம் இங்கே வெறும் நடைப் பிரச்சினையன்று. 9.26க்கு அதனை வாசித்தவர் வகுப்புக்குச் செல்வதா, அறையில் தங்குவதா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அம்முடிவுக்கு வேண்டிய சொற்களே விடுபட்டிருந்தன.

பீதியைத் தவிர்ப்பதற்காகவே அடக்கிப் பேசினர் என்ற வாதம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. 2006 ஓகஸ்டில் தப்பியோடிய கைதியொருவனைத் தேடிய நாளில், தவறான தகவலால் அதே வளவிற் குழப்பம் ஏற்பட்டதுண்டு. ஆயினும், பீதி பெரும்பாலும் தெளிவின்மையிற் பிறப்பதேயாம். மேலும், பீதி பற்றிய அச்சம் ஒரு மனிதப் பிரிவினையைத் தன்னுட் கொண்டுள்ளது: அறிந்து தாங்கக்கூடிய சிலர், அறியாதிருக்க வேண்டிய பலர்.

4

சட்டம் இதனைத் திருத்த முயன்றுள்ளது. 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் மகளைப் பறிகொடுத்த பெற்றோரின் இயக்கத்தால் 1990இற் பிறந்ததே கிளெரி சட்டம். வேர்ஜினியா நிகழ்வின் பின் 2008இல் அது திருத்தப்பட்டு, ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி அறிவிக்கும் கடமை சேர்க்கப்பட்டது. ஆயின் அத்திருத்தமே, நிலைமையைக் கட்டுப்படுத்தும் முயற்சிக்கு அறிவித்தல் இடையூறாகும் எனப் பொறுப்பதிகாரிகள் கருதின் தாமதிக்கலாம் என்ற விலக்கினையும் வழங்குகின்றது. 2013இல் வேர்ஜினியா உயர்நீதிமன்றம், அன்றைய சூழ்நிலையில் மாணவரை எச்சரிக்கும் கடமை அப்பல்கலைக்கழகத்துக்கு இருக்கவில்லை எனத் தீர்ப்பளித்தது. கருவிகள் பெருகின, தீர்மானிக்கும் உரிமை இடம்மாறவில்லை.

நமது வாசகருக்கு இவை தூரதேசத்துச் செய்திகளாகத் தோன்றலாம். 'சம்பவம் இடம்பெற்றது', 'பல்கலைக்கழகம் காலவரையறையின்றி மூடப்படுகிறது', 'மாணவர் விடுதிகளை விட்டு வெளியேறல் வேண்டும்' ஆகிய தொடர்களோ நமக்கு நன்கு பழக்கமானவை. இவற்றிலும் செய்பவர் இல்லை. காரணமும் பெரும்பாலும் இல்லை. ஆளில்லாத வாக்கியம் அறிவித்தலுக்கு இயல்பான வடிவம் என்றே நாம் பழகிவிட்டோம்.

எனவே கோரவேண்டியவை தெளிவானவை. ஆபத்தை முதலிற் காண்பவர், அவர் காவலாளியாயினும் விடுதிப் பணியாளராயினும், மேலனுமதிக்குக் காத்திராது அறிவிக்கும் உரிமை உடையவராதல் வேண்டும். அறிவித்தல் விதிகளை மாணவரும் ஆசிரியரும் ஊழியரும் சேர்ந்து அமைதிக் காலத்திலேயே வகுத்தல் வேண்டும். ஒவ்வோர் அறிவித்தலும் யார், எங்கே, என்ன செய்யவேண்டும் என்பவற்றை வாசகர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் விளங்கும்படி கூறல் வேண்டும். செய்தி பொதுவுடைமையாகும்போதே உயிர்காக்கும் கருவியாகும். அதுவரை எத்தனை ஒலிபெருக்கிகளை நாட்டினும், அவற்றின் முன் நிற்போர் கேட்போராகவே இருப்பர். தம் உயிர் பற்றித் தாமே முடிவெடுப்போராக இரார்.