காடு காக்கும் கைங்கரியம்

மரம் நடுதல் நமது நாட்டில் இன்று ஒரு திருவிழாவாகிவிட்டது. மந்திரிகள் நடுகிறார்கள், பள்ளிச் சிறுவர்கள் நடுகிறார்கள், கட்சித் தொண்டர்கள் தங்கள் தலைவரின் பிறந்த நாளன்று நூற்றுக்கணக்கில் நடுகிறார்கள். இதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு கன்றை நட்டுப் படம் பிடித்துக்கொள்ளும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்காவது, ஏற்கெனவே ஊரில் நின்றுகொண்டிருக்கும் பழங்காட்டைக் காப்பதில் காணப்படுகிறதா என்று கேட்டால், இல்லை என்றே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. மரம் நடுவது வேறு. காடு காப்பது வேறு. முன்னது ஒரு நாள் வேலை. பின்னது தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய கைங்கரியம். இந்தக் கைங்கரியத்தை ஊர்தோறும் தொண்டர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதையே நாம் இங்கு வற்புறுத்த விரும்புகிறோம்.

கடலூர் ஜில்லாவின் மேற்குப் பகுதியில், வெள்ளாற்றங்கரையில் அமைந்த திட்டக்குடியை எடுத்துக்கொள்வோம். அதனருகே உள்ள வெலிங்டன் ஏரி 1923-ல் கட்டி முடிக்கப்பட்டது. தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியாக வெள்ளாற்று நீர் அதற்கு வருகிறது. ஏரியில் வண்டல் மேடிட்டு நீர் நிற்கும் இடம் சுருங்கிவிட்டது என்று விவசாயிகள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். அந்த வண்டல் வானத்திலிருந்து விழுந்ததன்று. மரத்தையும் புதரையும் இழந்த நிலங்களின் மேல் மண்ணே மழைதோறும் கரைந்து வந்து ஏரியில் படிகிறது. ஆகவே காட்டைப் பற்றிய பேச்சு, வேலையற்றோர் பேச்சன்று. உழவனுடைய வயிற்றைப் பற்றிய பேச்சு.

திட்டக்குடிக்குத் தென்மேற்கே பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூர் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்கு அறிவித்தார். அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்று சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கல்மரத்துக்கு வேலி போட்டுக் காப்பது முற்றிலும் சரியே. ஆனால் கல்லாகிப்போன மரத்துக்கு வேலியும், உயிரோடு நிற்கும் பழமரங்களுக்குக் கோடரியும் என்பது என்ன நியாயம்?

பழங்காடு என்றால் என்ன? இங்கிலாந்தில் 1600-ஆம் ஆண்டிலிருந்து இடையறாது காடாகவே இருந்துவரும் நிலத்தைப் பழங்காடு என்று வரையறுத்திருக்கிறார்கள். வயதுக் கணக்கு எதற்கென்றால், மரத்தைப் போலவே மண்ணும் முதிர வேண்டும். உதிர்ந்த இலை மக்கி, காளான் படர்ந்து, புழு துளைத்து, கொடி ஏறி, பறவை விதை போட்டு, இவையெல்லாம் ஒன்றுக்கொன்று பழகிய பிறகே காடு காடாகிறது. ஆயிரம் கன்றுகளை வரிசையாக நட்டால் தோப்பு கிடைக்கும், காடு கிடைக்காது.

நமது தமிழகத்தில் இத்தகைய பழங்காடுகளைக் காத்தவர்கள் அரசர்களல்லர், ஊர் மக்களே. ஊரெல்லையில் அய்யனாரையோ அம்மனையோ வைத்து, சுற்றியுள்ள காட்டில் ஒரு சுள்ளியும் ஒடிக்கலாகாது என்று கட்டுப்பாடு செய்தார்கள். குயவர் சுட்ட மண் குதிரைகளை நேர்ந்து நிறுத்தினார்கள். இத்தகைய கோயில் காடுகள் தமிழ்நாட்டில் 448 இருப்பதாக ஒரு கணக்கெடுப்புப் பதிவு செய்திருக்கிறது. வெள்ளையர் ஆட்சி 1882-ல் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டுவந்து பெருங்காடுகளைத் தன் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டது. காடு சர்க்காருடைய சொத்து, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் குடிகளின் மனத்தில் வேரூன்றியது அதன் பிறகுதான். சுயராஜ்யம் வந்த பின்னும் அந்த எண்ணம் போகவில்லை. அந்நாளிலும் ஊரார் கையில் எஞ்சி நின்றவை இந்தச் சிறு கோயில் காடுகளே.

கடலூர் ஜில்லாவிலேயே திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய இடங்களில் உள்ள காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் தாவர சாஸ்திரிகள் 1990-களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் 1992-ல் எண்ணிய மரங்களையே 2002-ல் மீண்டும் எண்ணிப் பார்த்தார்கள். இவை உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகையைச் சேர்ந்தவை. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பிழைத்து, நீண்ட கோடையிலும் இலை முழுவதையும் உதிர்க்காமல் நிற்பவை. வீரை, காசா, பாலை, கருங்காலி போன்ற மரங்கள் இக்காடுகளுக்கு உரியவை. சோழமண்டலக் கரையில் இவ்வகைக் காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. அத்துண்டுகளிற் பல ஏதேனும் ஒரு கோயிலை ஒட்டியே நிற்கின்றன.

1968-ல் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேடு மழையில் அரிபட்டு வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே குடியேறியவர்கள் மண்ணணை கட்டி, நீரைத் தேக்கி, ஆண்டுக்கணக்காக மரம் வளர்த்தார்கள். இந்த மண்ணுக்குரிய காட்டைத் திரும்ப உண்டாக்க அவர்கள் முனைந்தபோது விதைக்கு எங்கே போனார்கள்? சுற்றியிருந்த கோயில் காடுகளுக்கே போனார்கள். அய்யனார் காத்து வைத்திராவிட்டால் அந்த விதைகளும் இல்லை. அந்த முயற்சியும் இல்லை. பழங்காடு ஒன்று அழிந்தால், பிற்காலத்தில் எவ்வளவு பணமும் மனமும் இருந்தாலும் அதை மீட்க வழியில்லாமற்போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்று இக்காடுகளுக்கு வந்திருக்கும் அபாயம் விசித்திரமானது. எந்தப் பக்தி காட்டைக் காத்ததோ, அந்தப் பக்தியே இப்போது திருப்பணி என்ற பெயரால் அதை அழிக்கிறது. வெளியூரில் சம்பாதித்தவர்கள் குலதெய்வத்துக்கு நன்றி செலுத்த வருகிறார்கள். சிமெண்டுத் தளம் போடுகிறார்கள். சாமிக்கு மண்டபம் எழுப்புகிறார்கள். வண்டி நிறுத்தப் புதரை வெட்டுகிறார்கள். பொங்கல் வைக்க மரத்தடியிலேயே அடுப்பு மூட்டுகிறார்கள். சருகைக் குப்பையென்று கூட்டிக் கொளுத்துகிறார்கள். உண்மையான குப்பையாகிய பிளாஸ்டிக்கை விட்டுச் செல்கிறார்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். ஆனால் அய்யனாருக்கு ஓட்டுக் கூரையும் வேண்டாம், பளிங்குத் தரையும் வேண்டாம். காடே அவருக்குக் கோயில் என்பதை எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. அந்த ஆள்தான் தொண்டன்.

காட்டுத் தொண்டனுடைய வேலையில் பெரும்பகுதி, செய்யாமல் இருப்பதும் செய்யவிடாமல் தடுப்பதுமே. சருகு கிடக்கட்டும், பழங்காட்டு மரங்களின் விதை அதனடியில் ஈரத்தில்தான் முளைக்கும். விழுந்த மரம் விழுந்தபடியே மக்கட்டும். அழகுக்காகச் சீமைச் செடி எதையும் உள்ளே நடவேண்டாம். சீமைக்கருவேலத்தை அகற்றும்படி 2017-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆயினும் கோயில் காட்டுக்குள் அதைப் பிடுங்க இயந்திரத்தை விட்டால், கருவேலத்தோடு காசாவும் வீரையும் போய்விடும். மண்வெட்டியும் கையுமாகவே அதை வேரோடு எடுக்க வேண்டும். காட்டு விளிம்பில் வெற்றிடம் இருந்தால், அக்காட்டின் விதையையே பொறுக்கி நாற்றாக்கி நடவேண்டும். பொங்கல் அடுப்புக்கும் வண்டிகளுக்கும் காட்டுக்கு வெளியே இடம் ஒதுக்க வேண்டும்.

எத்தியோப்பிய நாட்டின் வடபகுதியில் காடுகள் பெரும்பாலும் அழிந்த பிறகு, கிறிஸ்தவக் கோயில்களைச் சூழ்ந்த சிறு காடுகள் மட்டும் மிஞ்சின. அவற்றிற் பலவற்றைச் சுற்றி ஊராரும் குருமாரும் வயல்களிற் கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மாடு உள்ளே புகவில்லை, நாற்றுகள் தலையெடுத்தன. மதம் வேறு, நாடு வேறு, உபாயம் ஒன்றே. சிமெண்டு வாங்கப் பணம் திரட்டும் நமது திருப்பணிக் கமிட்டிகள் இதைக் கவனிப்பது நலம்.

கையுழைப்பு மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, ஊராரைக் கலந்து, அவ்வூரின் செடி கொடி உயிர்களுக்கு ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும். அதே சட்டம், சிறப்புடைய இடங்களை உள்ளாட்சியைக் கலந்து பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்க மாநில சர்க்காருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. 2022 நவம்பரில் மதுரை ஜில்லாவின் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் மரபுத் தலமாயிற்று. 2025-ல் திண்டுக்கல் ஜில்லாவின் காசம்பட்டி வீரகோயில் காடு இரண்டாவதாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு. சிறு காடு என்று எந்த ஊரும் தயங்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி.

அரிட்டாபட்டி மக்கள் இந்த அறிவிப்பால் என்ன கண்டார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் உலோகம் தோண்டும் உரிமை ஏலம் விடப்பட்ட செய்தி வெளிவந்தது. ஏலப் பரப்புக்குள் மரபுத் தலமும் அடங்கியிருந்தது. கிராமத்தார் ஒன்றுகூடித் தீர்மானம் போட்டார்கள். மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி தமிழகச் சட்டசபை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025 ஜனவரி 23-ஆம் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தையே ரத்துச் செய்தது. தங்கள் குன்றில் எந்தப் பருந்து கூடு கட்டுகிறது, எந்தச் சுனையில் எப்போது நீர் நிற்கிறது என்று அறிந்திருந்த ஜனங்கள், அந்த அறிவைச் சட்டத்தின் ஏட்டிலும் ஏற்றி வைத்திருந்தார்கள். மறியலுக்கு அதுவே முதுகெலும்பாயிற்று. ஏட்டில் இல்லாத காட்டை அதிகாரிகள் வெறும் புறம்போக்கு என்றே காண்பார்கள்.

2024 டிசம்பர் 18-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும், ராஜஸ்தானத்துக் கோயில் காடுகளைப் பற்றிய வழக்கில், அவற்றை அளந்து அறிவிக்கும்படி அந்த மாநிலத்துக்கு உத்தரவிட்டதுடன், தேசம் முழுவதற்கும் ஒரு கொள்கை வகுக்குமாறு மத்திய சர்க்காருக்கு யோசனை கூறியிருக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டது என்று நாம் வாளா இருந்துவிடலாகாது. தீர்ப்பைக் கிராமத்துக்குக் கொண்டுவருவது தொண்டனுடைய கால்களே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். காடு காப்பதென்று சொல்லி ஏழைகளை விரட்டும் வேலை ஆகிவிடக் கூடாது. சுள்ளி பொறுக்கும் கிழவியும் ஆடு மேய்க்கும் சிறுவனும் காட்டின் பகைவர்களல்லர். மரம் வெட்டி விற்கும் பெரிய மனிதனும் எல்லைக் கல்லை நகர்த்துபவனுமே பகைவர்கள். மேய்ச்சலுக்கு மாற்று இடம் காட்டிய பிறகே தடை சொல்வது தர்மம். ஒரு வகுப்பார் மட்டும் கமிட்டியில் அமர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களைக் காட்டோரத்தில் நிறுத்தினால், அந்தக் கமிட்டி நிலைக்காது, நிலைக்கவும் கூடாது. பெண்களையும் சேர்த்து எல்லாத் தெருவாரும் கூடும் கிராம சபையிலேயே இதை முடிவு செய்ய வேண்டும்.

திட்டக்குடி 2021-ல் நகராட்சியாயிற்று. நகரம் பெருகப் பெருகச் சுற்றுப்புற நிலத்தின் விலையும் ஏறும்; கோயில் நிலத்தின் மீது கண் விழும். ஆதலால் அவ்வூர் வாலிபர்களும் தாலுகாவின் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் தாமதியாமல் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டும். முதலாவது, தங்கள் எல்லையில் மிஞ்சியுள்ள ஒவ்வொரு கோயில் காட்டுக்கும் நில அளவைப் படத்தையும் பதிவேட்டு நகலையும் பெற்று, எல்லையை நடந்து சரிபார்ப்பது. இரண்டாவது, பழைய பேர்கள் தெரிந்த பெரியோர்களை உடனழைத்துச் சென்று, மரம் செடிகளை எண்ணி எழுதுவது. அந்த முதியோர் மறைந்தால் அப்பேர்களும் அவர்களோடு மறையும். மூன்றாவது, அடுத்த காந்தி ஜயந்தியன்று கூடும் கிராம சபையில் காட்டுக் காவலுக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றுவது. இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

பக்கத்திலுள்ள விருத்தாசலத்துக் கோயிலின் தல விருட்சம் வன்னி. அக்கோயில் திருப்பணியில் உழைத்தவர்களுக்கு அம்மரத்தின் இலையே கூலியாகக் கொடுக்கப்பட்டதென்றும், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறிற்றென்றும் தல புராணம் கூறும். காட்டுத் தொண்டனுக்கும் கூலி இலைதான். அது பொன்னாவது அவனுடைய பேரன் காலத்தில் இருக்கலாம். அன்னிய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற தலைமுறையும் தன் காலத்தில் பலனைக் காண்போம் என்று நிச்சயம் செய்துகொண்டு புறப்படவில்லை. அந்தப் பரம்பரையில் வந்தோம் என்று மேடையில் சொல்லிக்கொள்வோர், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஊரெல்லைக் காட்டுக்குப் போய் வரட்டும். தேசத்தொண்டு அங்கேயும் காத்துக்கொண்டிருக்கிறது.