ஆன்லைனில் விளையாட ஏன் தனிக் கட்டணம்?

பாளையங்கோட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரர், சென்ற மாதம் தம் இளைய மகனுக்காக பிளேஸ்டேஷன் 5 வாங்கினார். மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவரிடமும் அதே கேம் கன்ஸோல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கால்பந்து கேம் விளையாட வேண்டும் என்பது திட்டம். டிஸ்க்கைப் போட்டு ஆன்லைன் மேட்ச் என்பதைத் தேர்ந்தெடுத்ததும், சந்தா கட்டும்படி திரையில் அறிவிப்பு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, பெட்டிக்குப் பணம் கொடுத்தாச்சு, டிஸ்க்குக்கும் கொடுத்தாச்சு. நெட்டுக்கு மாசாமாசம் கட்டுதோம். இப்ப இது எதுக்குப் பணம் கேக்கு?" என்றார். புதிதாக கன்ஸோல் வாங்கும் எல்லோருக்கும் எழும் கேள்விதான் இது.

கட்டணம் வந்த கதை

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2002 நவம்பரில் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையைத் தொடங்கியபோதே அதற்குச் சந்தா வசூலித்தது. சோனி வேறு வழியில் சென்றது. 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-ல் ஆன்லைன் ஆட்டம் இலவசம். 2010-ல் வந்த பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் விரும்பினால் மட்டுமே. ஆனால் 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, ஆன்லைனில் மற்றவர்களுடன் ஆட அந்தச் சந்தா கட்டாயமாயிற்று. நின்டெண்டோ 2018 செப்டம்பரில் தன் ஸ்விட்ச் கன்ஸோலுக்குக் கட்டணம் விதித்தது.

கம்ப்யூட்டரில் ஏன் இந்தக் கட்டணம் இல்லை? கம்ப்யூட்டர் எந்த ஒரு நிறுவனத்தின் பூட்டிலும் இல்லை. கேம் தயாரித்த நிறுவனமே சர்வரை நடத்துகிறது. ஸ்டீம் போன்ற கடைகள் விற்பனையில் பங்கு எடுத்துக்கொள்கின்றன. கன்ஸோல் அப்படியல்ல. எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்றதில் லாபம் கண்டதே இல்லை என்று 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் சாட்சியம் அளித்தார். பெட்டியில் கிடைக்காத லாபத்தை கேம்களிலும் சந்தாவிலும் எடுக்கிறார்கள்.

எதற்குச் சந்தா வேண்டாம்?

தனியாக ஆடும் கேம்களுக்கும், ஒரே டிவியில் இரண்டு கன்ட்ரோலர் வைத்து ஆடுவதற்கும் சந்தா தேவையில்லை. ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் போன்ற இலவச கேம்களை பிளேஸ்டேஷனில் சந்தா இல்லாமலே ஆன்லைனில் ஆடலாம். எக்ஸ்பாக்ஸிலும் 2021 ஏப்ரல் முதல் இதே நிலைதான். விலை கொடுத்து வாங்கும் கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்லைனில் ஆடச் சந்தா வேண்டும். இருவர் சேர்ந்து ஆடினால், இருவர் பக்கமும் சந்தா இருக்க வேண்டும்.

சந்தா கட்டும் முன்

1. மிகக் குறைந்த திட்டமே ஆன்லைன் ஆட்டத்திற்குப் போதும். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் அதன் பெயர் எசென்ஷியல். கடைக்காரர் சொல்கிறார் என்று பெரிய திட்டத்திற்குப் போக வேண்டாம்.

2. சந்தா தானாகப் புதுப்பிக்கும்படிதான் வரும். அக்கவுண்ட் பகுதியில் உள்ள சந்தாப் பட்டியலில் அதை உடனே நிறுத்திவிடவும். கட்டிய காலம் முடியும் வரை சேவை தொடரும்.

3. மாதந்தோறும் "இலவசமாக" தரும் கேம்கள் உங்களுக்குச் சொந்தமல்ல. பிளேஸ்டேஷனில் சந்தா முடிந்தால் அவை பூட்டிக்கொள்ளும்.

4. கிஃப்ட் கார்டு வாங்கினால், அக்கவுண்ட் எந்த நாட்டினதோ அந்த நாட்டுக் கார்டாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் கார்டு இந்திய அக்கவுண்ட்டில் ஏறாது.

5. பிளேஸ்டேஷனில் கன்ஸோல் ஷேரிங் வசதியை இயக்கினால், ஒருவர் கட்டிய சந்தாவில் அதே பெட்டியில் உள்ள மற்றவர்களும் ஆடலாம். வீட்டில் ஆளுக்கொரு சந்தா தேவையில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சந்தா என்பது நுழைவுச் சீட்டு மட்டுமே. இணைய வேகத்தைக் கூட்டாது. ஆட்டம் தடுமாறினால் வை-ஃபைக்குப் பதில் மோடத்திலிருந்து நேராக கேபிள் இணைத்துப் பாருங்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

பக்கத்து வீட்டில் அன்றே ராக்கெட் லீக் கேமை இறக்கிக் கொடுத்தேன். கார்களை ஓட்டிப் பந்தை கோலுக்குள் தள்ளும் ஆட்டம் அது. அண்ணனும் தம்பியும் இரண்டு ஞாயிறு அதை ஆடினார்கள். பிறகு, இவர்கள் வாரந்தோறும் தவறாமல் ஆடுகிறார்கள் என்பது உறுதியானதும், நண்பர் எசென்ஷியல் திட்டத்தில் ஒரே ஒரு மாதத்திற்குக் கட்டினார். சிங்கப்பூரில் அண்ணனும் அப்படியே கட்டினார். நீங்களும் முதலில் இலவச கேமை ஆடிப் பாருங்கள். அதன் பின் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.