எண்ணெய் காயும் வேகம்

போடியில் ஏலக்காய்க் கடைகளில் கல்லாவுக்கு மேலே தொங்கும் காலண்டர் லட்சுமியை நமக்குத் தெரியும். தாமரை மேல் நிற்பவள், பக்கத்தில் ஒரு யானை. அந்தச் சாயலைப் பரப்பியவர் ராஜா ரவி வர்மா (1848–1906). 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய கல்லச்சுக்கூடத்தின் வாரிசுகள்தாம் இந்தப் படங்கள். அச்சில் வராத ஒன்று அவருடைய எண்ணெய் ஓவியங்களில் உண்டு. டீ ஆறுவதற்குள் அதைப் பார்த்துவிடலாம்.

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காய்கிறது என்றதும், எண்ணெய் ஆவியாகப் போய்விடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் போட்டால் நீர் போய், ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகிறது. ஆளிவிதை எண்ணெய் இதற்கு நேர்மாறு. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கெட்டியாகிறது. காயும்போது எடைகூடச் சற்று ஏறும். இது நடக்க நாள்கணக்கில் ஆகும்.

அந்தத் தாமதம்தான் ஓவியருக்கு லாபம். நேற்று வைத்த கன்னத்து நிறம் இன்றும் ஈரமாக இருக்கும். அதன் ஓரத்தில் கொஞ்சம் இருண்ட நிறத்தை வைத்து, வெறும் தூரிகையால் மெல்ல நீவினால், வெளிச்சம் எங்கே முடிந்தது, நிழல் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. கோடே இல்லாமல் கன்னம் உருண்டுவிடும். 1868-ல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைப் பார்த்துப் பார்த்தே ரவி வர்மா இந்த வித்தையைப் பிடித்தார் என்பார்கள். கற்றுக்கொடுக்க ஜென்சனுக்கு மனமில்லையாம். பார்க்க மட்டும் விட்டாராம்.

இந்த வித்தையால் படம் சொல்லும் கதைக்கு என்ன வந்தது? தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தாள் ஒட்டிய தெய்வம் தானே ஒளிர்கிறது. அதன்மேல் எந்தப் பக்கத்திலிருந்தும் வெயில் விழுவதில்லை. ரவி வர்மாவிடம் விழுகிறது. வெயில் விழுந்தால் அங்கே ஒரு பொழுது இருக்கிறது. உடம்புக்கு எடை இருக்கிறது.

1899-ல் வரைந்த 'ஹம்ச தமயந்தி' திருவனந்தபுரத்தில் இருக்கிறது. சிவப்புச் சேலையில் தமயந்தி. எதிரே அன்னம் நளனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பார்த்திராதவன் மேல் வந்த ஆசை இது. அதைக் காட்டத் தனி அடையாளம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பட்டின் மடிப்பும் தோளின் உருட்சியும் அவளை நம்ம வீட்டுப் பெண்போல ஆக்கிவிடுகின்றன. பேசும் அன்னத்தையும் அதனால் நம்பிவிடுகிறோம்.

தெய்வங்களை வீட்டுப் பெண்களாக்கிவிட்டார் என்ற குறை அவர்மீது உண்டு. கும்பிடுவதற்கு எனக்கும் தஞ்சாவூர்தான். ஆனால் தமயந்தி தெய்வமில்லை, காதலில் விழுந்த பெண். அவளுக்குத் தங்கத்தாள் பொருந்தாது.