நண்டுக்கும் நோவு உண்டோ?

காரியாபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் வற்றுங்கால் ஊரார் இறங்கி மீன் பிடிப்பர். விரால் மீன் வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லது. ஆதலின் கரையில் இட்டபின்னும் நெடுநேரம் துடிக்கும். அதைக் காணும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை, “ஐயா, அதற்கு வலிக்குமா?” என்று வினவினால் நாம் யாது விடை பகர்வோம்?

தொல்காப்பியம் எறும்புக்கு மூவறிவும் நண்டுக்கு நான்கறிவும் கூறி, தொடுவுணர்வை எல்லா உயிர்க்கும் பொதுவாக்குகிறது. ஆயினும் தொடுவுணர்வு வேறு, நோவு வேறு. நெருப்புப் பட்ட விரல் வலியை உணருமுன்னரே பின்வாங்குகிறதன்றோ? துடிப்பு மட்டுமே நோவுக்குச் சான்றாகாது.

எனவே ஆய்வாளர் வேறு சான்று தேடினர். 2003ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்பார் டிரவுட் மீனின் உதட்டில் அமிலம் செலுத்தினார். மீன் இரையை வெறுத்தது. உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தது. வலியடக்கும் மார்ஃபின் கொடுத்தபோது இக்குறிகள் குறைந்தன. 2009இல் ராபர்ட் எல்வுட் குழுவினர் துறவி நண்டுகளுக்குச் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்தனர். விருப்பமற்ற கூட்டிலிருந்தவை எளிதில் வெளியேறின; விரும்பிய கூட்டிலிருந்தவை தயங்கின. வெறும் அனிச்சைச் செயல் இவ்வாறு சீர்தூக்கிப் பார்க்குமோ? பாலூட்டிகளுக்குள்ள மூளைப் புறணி மீனுக்கு இல்லை என்று மறுப்போரும் உளர். பூச்சிகளைக் குறித்து ஐயம் இன்னும் மிகுதி. எனினும் பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றை உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுள்ளது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமோ மனிதனல்லாத எவ்வுயிரையும் ‘விலங்கு’ என்கிறது. உணவுக்காகக் கொல்லுதலை அனுமதித்து, தேவையற்ற வேதனையை விலக்குகிறது.

திருமறை நமக்குக் காட்டுவதும் இவ்வழியே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் மீனை உண்டார் (லூக்கா 24:42, 43). ஆகவே உண்பதைக் குற்றமெனக் கூறி, கண்மாய் மீனை நம்பும் எளியோரை நாம் நோகச் செய்யலாகாது. ஆயினும் திருமறையில் கடவுள் வழங்கிய முதல் ஆசீர்வாதம் மனிதனுக்கன்று. நீர்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்குமே (ஆதியாகமம் 1:22). அவர் ஆசீர்வதித்ததை வதைக்க நமக்கு உரிமை ஏது?

அப்பிள்ளைக்கு நாம் கூறத்தக்கது இதுவே: “வலிக்கும் என்றே எண்ணி நடந்துகொள், தம்பி.” மீனைத் துடிக்க விடாது தலையில் ஓங்கி அடித்து விரைவில் கொல்லலாம். உயிருள்ள நண்டின் கால்களைப் பிய்க்காதிருக்கலாம். ஐயம் தீரும்வரை இரக்கம் காத்திருக்க வேண்டியதில்லை.