கும்பளங்கியில் ஓர் இஸ்திரிக்காரர்

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்து கிடக்கும் கும்பளங்கி சீன வலைகளுக்குப் பேர்போன ஊர். 2019 பிப்ரவரியில் வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ அந்தப் பெயரைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தது. சியாம் புஷ்கரன் எழுத, மது சி. நாராயணன் இயக்கிய மலையாளப் படம்.

பகத் பாசில் நடித்த ஷம்மியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். மனைவி வீட்டில் குடியேறி, சாப்பாட்டு மேசையின் தலைமை நாற்காலியில் தானாகப் போய் உட்காருகிறவன்; கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை பிளேடால் சுரண்டி எறிகிறவன். 2000-இல் ‘நரசிம்மம்’ படம் வந்தபோது மீசை முறுக்கும் ஆணுக்குக் கேரளத் தியேட்டர்களில் விசில் பறந்தது. அதே ஆணை, அவனோடு ஒரே வீட்டில் வாழ வேண்டிய பெண்களின் கண்வழியே இந்தப் படம் காட்டியது. தங்கையிடம் மரியாதையாகப் பேசு என்று சிமி கணவனிடம் சொல்லும் இடத்தில் எத்தனையோ பெண்கள் தங்கள் வீட்டைப் பார்த்திருப்பார்கள். கடைசியில் அவனை மீன்வலை வீசித்தான் பிடிக்கிறார்கள்.

என்னை உலுக்கியது வேறொருவர். ரமேஷ் திலக் நடித்த தமிழ் இஸ்திரிக்காரர். கொச்சியில் அது சும்மா வைத்த வேடம் அல்ல. டச்சுக்காரர்கள் தங்கள் படையின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் இன்றும் துவைத்துத் தேய்க்கிறார்கள். ஆனால் மலையாளத் திரையில் தமிழர் நெடுங்காலம் ‘பாண்டி’தான்: கேலிக்கு ஆள், இல்லையென்றால் அடியாள். நாமும் சளைத்தவர்கள் இல்லை. மலையாளி என்றால் டீக்கடை நாயர், மலையாளப் பெண் என்றால் கவர்ச்சி என்றே படம் எடுத்தோம்.

இங்கே அந்த இஸ்திரிக்காரருக்கு நட்பும் கோபமும் குடும்பமும் இருக்கின்றன. அவர் உழைப்பில் ஒட்டிக்கொண்டு வாழும் நண்பன் சஜி தற்கொலைக்கு முயல, காப்பாற்றப் போன அவர் இறந்துபோகிறார். சஜி திருந்துவதற்குத் தமிழன் சாக வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. திரைக்கதையின் குறை என்றே சொல்வேன். ஆனாலும் அந்தச் சாவைப் படம் சட்டென்று கடந்துபோகவில்லை. சஜி என்ற முரட்டு ஆண் மருத்துவரிடம் போய், தோளில் சாய்ந்து அழுகிறான். இறந்தவரின் மனைவி சதி (ஷீலா ராஜ்குமார்), வயிற்றில் பிள்ளையோடு சஜியின் வீட்டுக்கு வருகிறாள். ரத்தமும் மொழியும் சேர்க்காத ஒரு குடும்பம் அங்கே உருவாகிறது.

நம்மிடம் பிழைக்க வந்தவர்களை நாம் இப்படிக் காட்டினோமா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ரயில் ஏறினார்கள். அந்தப் பொய்யை அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. நம் பேச்சில் அவர்கள் ‘வடக்கன்’, நம் படங்களில் பெரும்பாலும் பான்பராக் மெல்லும் காமெடி. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் பிகார் பையனுக்குப் பெயரும், வீடும், அவன் இல்லாமல் போனால் அழ ஒரு நண்பனும் தந்த பெரிய வணிகப் படம் தமிழில் எனக்குத் தெரிந்து இன்னும் வரவில்லை.