பனியும் வெயிலும் சேர்ந்து செய்யும் மருந்து

கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் இன்னொரு செடி பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைமேல் விளைகிறது. அதன் பெயர் மாக்கா. உடல் தெம்புக்கும் தாம்பத்திய நலத்துக்கும் உகந்தது என்று அதன் கிழங்கைப் பொடித்து உலகம் முழுக்க விற்கிறார்கள். சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். அந்தப் பொடி உருவாகும் கதை அதைவிடச் சுவாரசியமானது.

மாக்காவின் சொந்த ஊர் ஹுனின் ஏரியைச் சுற்றியுள்ள மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர்; அதுபோல ஒன்றரை மடங்கு ஏறினால்தான் மாக்கா வயல் கண்ணில் படும். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், உள்ளே இருப்பது வேகாது. காற்று மெலிந்திருப்பதால் பகலில் புற ஊதாக் கதிர்கள் கடுமையாகத் தாக்கும். பொழுது சாய்ந்தால் வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கும். மக்காச்சோளம் இந்த உயரத்துக்கு வருவதே இல்லை. பெர்னபே கோபோ என்ற ஸ்பானியப் பாதிரியார் 1653இல் முடித்த தம் நூலில், வேறு பயிர் பிழைக்காத கடுங்குளிர் நிலத்தில் மாக்கா விளைவதைக் குறித்திருக்கிறார்.

இப்படிப்பட்ட இடத்தில் நிமிர்ந்து நிற்பது ஆபத்து. மாக்கா நிமிர்வதே இல்லை. இலைகளைத் தரையோடு தரையாக வட்டமாக விரித்துப் படுத்துக்கொள்கிறது. வெளிவட்டத்து இலைகள் பனியில் கருகக் கருக, நடுவிலிருந்து புது இலைகள் வந்துகொண்டே இருக்கும். சேமிப்பெல்லாம் மண்ணுக்குள். எல்லோரும் வேர் என்று சொல்லும் அந்த உருண்டை முழுக்க வேர் கிடையாது. அதன் பெரும்பகுதி கீழ்த்தண்டு, அதாவது முளையில் வேருக்கும் முதல் இலைகளுக்கும் நடுவே இருக்கும் சிறு தண்டு. அது பருத்து, சிறிய பீட்ரூட்டைப் போல உருண்டுவிடுகிறது. வெளியே மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று பல நிறங்கள்.

செல்லுக்குள் போனால் இன்னொரு ஆச்சரியம். மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். தரையை ஒட்டிக் கிடக்கும் இந்தச் செடியின் செல்லில் 64. பெரும்பாலான விலங்குகள் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு குரோமோசோம் தொகுதிகளோடு வாழ்கின்றன. மாக்காவிடம் இருப்பவை எட்டு. இதை எண்மயம் என்பார்கள். சீன ஆய்வாளர்கள் 2016இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். சுமார் 67 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆண்டிஸ் மலை உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், இதன் மரபணுக்கள் மொத்தமாக இரட்டித்திருக்கின்றன என்பது அவர்கள் கணிப்பு. அதுவும் அடுத்தடுத்து இருமுறை. ஒரு மரபணுவுக்குப் பல பிரதிகள் இருந்தால் ஒன்று பழைய வேலையைப் பார்க்கும். மற்றது மாறிப் புதிய வேலை பழகலாம். மலை உயர உயர, குளிரைத் தாங்கவும் புதுப்புது வேதிப்பொருள்களைச் செய்யவும் செடியிடம் கூடுதல் மரபணுக்கள் இருந்தன.

அந்த வேதிப்பொருள்களில் முக்கியமானது குளுக்கோசினோலேட். சர்க்கரையும் கந்தகமும் சேர்ந்த மூலக்கூறு. கடுகிலும் முள்ளங்கியிலும் இருக்கிறது, மாக்காவிலும் நிறைய உண்டு. தனியாக இருக்கும்வரை அதில் காரம் இல்லை. அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியைச் செடி வேறு அறையில் பூட்டி வைத்திருக்கிறது. பாக்கும் சுண்ணாம்பும் தனித்தனியே இருக்கும்வரை சிவப்பு ஏது? சேர்த்து மென்றால்தானே வாய் சிவக்கும்! அப்படித்தான் இதுவும். பூச்சி கடித்ததும் அறைகள் உடைகின்றன, இரண்டும் கலக்கின்றன, சுரீரென்று காரம் பிறக்கிறது. கடித்த பூச்சி அடுத்த கடிக்கு யோசிக்கும். ஹுனின் பகுதி மக்களும் பச்சை மாக்காவைச் சாப்பிடுவதில்லை. பெரும்பாலும் காயவைத்து, பிறகு வேகவைத்து உண்கிறார்கள்.

உண்மையான விந்தை அந்தக் காயவைத்தலில்தான் நடக்கிறது. அறுவடையான கிழங்குகளைத் திறந்த வெளியில் பரப்பிவிடுவார்கள். வாரக் கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று மாதம்கூட, அங்கேயே கிடக்கும். இரவில் கிழங்குக்குள் இருக்கும் நீர் உறைகிறது. பனிப்படிகங்கள் செல் சுவர்களைக் கிழிக்கின்றன. காலை வெயிலில் பனி உருக, இதுவரை பிரிந்திருந்த நொதிகளும் மற்றவையும் ஒன்றோடொன்று கலக்கின்றன. மறுநாள் இரவு மறுபடி உறைவு. இப்படி நாள்தோறும் நடக்க, குளுக்கோசினோலேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து பென்சைலமீன் என்ற பொருளாகிறது. கொழுப்புகளிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. இந்த இரண்டும் இணைந்து மூன்றாவதாக ஒன்று உருவாகிறது. அதற்கு மாக்காமைடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாக்காவின் தனி அடையாளமாகக் கருதப்படும் இந்தப் பொருள், அப்போதுதான் பிடுங்கிய கிழங்கில் மிக மிகக் குறைவு. செடி உயிரோடு இருக்கையில் அதைச் செய்து வைப்பதில்லை. வேதியியல் தெரியாத மலைவாசிகள், கிழங்கு கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நன்கு காய்ந்த கிழங்கு பல ஆண்டுகள் தாங்கும் என்பது கூடுதல் லாபம்.

மாக்காமைடு உடலுக்குள் என்ன செய்கிறது? நம் மூளை தானே சுரக்கும் ஆனந்தமைடு என்ற பொருளின் சாயல் அதற்கு உண்டு. வலி, மனநிலை, பசி ஆகியவற்றில் ஆனந்தமைடுக்குப் பங்கு இருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதியை மாக்காமைடு ஓரளவு தடுக்கிறது என்று சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் மனித மூளையிலும் நடந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

சரி, ஆண்மைப் பேச்சு? பெருவின் லிமா நகரில் குஸ்தாவோ கோன்சாலெஸும் அவர் குழுவும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆண்களுக்கு 12 வாரம் தினமும் 1.5 அல்லது 3 கிராம் மாக்காவும், வேறு சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். மாக்கா சாப்பிட்டவர்களில் பலர் நாட்டம் கூடியதாகச் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் துளியும் மாறவில்லை. அப்படியானால் வழி வேறு ஏதோ. அதற்கு முந்தைய ஆண்டு 9 ஆண்களிடம் நடந்த ஆய்வில் விந்தணு எண்ணிக்கை கூடியது; 9 பேரை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. எலிகளில் நிறம்கூட வேலை செய்தது: கறுப்பு மாக்கா விந்தணு உற்பத்தியைக் கூட்டியது, சிவப்பு மாக்கா புரோஸ்டேட் வீக்கத்தைக் குறைத்தது. மனித ஆய்வுகள் இதுவரை சிறியவை, குறுகியவை. விளம்பரக்காரர்கள் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

ஹுனின்காரர்களுக்கு மாக்கா முதலில் சாப்பாடு. காய்ந்த கிழங்கில் பெரும்பகுதி மாவுச்சத்து; பத்தில் ஒரு பங்கு புரதம். கஞ்சியாகவும் பாலில் காய்ச்சியும் குடிக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் இது அழியும் தறுவாயில் இருந்த பயிர். பிறகு வெளிநாடுகளில் மாக்கா மோகம் வந்தது. 2001இல் ஓர் அமெரிக்க நிறுவனம் மாக்கா சாற்றுக்குக் காப்புரிமை வாங்க, பெரு அரசு கொதித்தது. 2014 வாக்கில் சீன வியாபாரிகள் நேரே வயலுக்கே வந்து வாங்கினார்கள், விலை எகிறியது. இப்போது சீனாவின் யுன்னான் மலைகளிலும் பயிராகிறது.

உலர்த்தும் முறை மாறினால் மாக்காமைடின் அளவும் மாறும். புட்டியின் மேல் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். எத்தனை இரவு பனியில் கிடந்தது என்று இருக்காது. வாங்கத் தோன்றினால் தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். குளுக்கோசினோலேட் சிதையும்போது உண்டாகும் சில பொருள்கள், உடலில் அயோடின் குறைவாக இருந்தால், தைராய்டின் வேலையைக் கெடுக்கக் கூடியவை.